பட்டியலில் இல்லாத தெரு

நின்றுகொண்டே பிழைத்தவன் நான். இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் நின்றேன். நின்றேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நடந்தேன். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால்தான் எனக்கு வாதம் வரும். வக்கீல்கள் சங்கத்தில் என் பெயர் பெண்டுலம். ஒரு நீதிபதி பொறுக்க முடியாமல், "வக்கீல் சார், எனக்குக் கழுத்து வலிக்குது, ஏதாவது ஒரு பக்கமா நின்னு பேசுங்க" என்றே கேட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவனைப் பிடித்து, எட்டு மாதத்துக்கு முன் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக உட்கார வைத்துவிட்டார்கள். வாழ்நாளில் பாதி, தொலைபேசிக் கம்பெனிகளுக்காக இதே ஆணையத்தை எதிர்த்து வாதாடியவன் நான். ஊர் சும்மா இருக்குமா? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அமைச்சர் மட்டும், "பாம்பின் கால் பாம்பறியும், அதனாலதான் உங்களைத் தேடிப் பிடிச்சோம்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலை கஷ்டமில்லை. உட்கார்வதுதான் கஷ்டம். விசாரணை நாளில் காலை பத்திலிருந்து ஐந்து வரை அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் சொதப்பும் வாதங்களைக் கேட்க வேண்டும். நல்ல வாதத்தை ஒருவர் கோட்டைவிடும்போது எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எழுந்து நானே சொல்லிவிடுவேனோ என்று பயந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். விசாரணை இல்லாத நாளில் குட்டி போட்ட பூனை மாதிரி மாடிக்கும் கீழுக்கும் அலைவேன். என் உதவியாளர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் என் பின்னாலேயே ஓடி வந்து கையெழுத்து வாங்குவார்.

அப்படி அலைந்த ஒரு நாளில்தான் சோதனை வண்டியில் ஏறினேன்.

சோதனை வண்டி என்பது கூரையில் ஏரியல் வைத்த ஒரு வெள்ளை வேன். உள்ளே ஒரு பலகையில் வரிசையாக ஆறு கைபேசிகள். வண்டி தெருத்தெருவாகப் போகும்போது அவை தாமாகவே அழைத்துக்கொண்டும் வைத்துக்கொண்டும் இருக்கும். அழைப்பு சரியாகப் போனால் திரையில் அந்த இடம் பச்சை. போகாவிட்டால் சிவப்பு. சிவப்பு கூடினால் கம்பெனிக்கு அபராதம். இந்த வேலையைப் பத்து வருடமாகப் பார்க்கிற தொழில்நுட்பக்காரருக்கு ஆபீசில் பச்சை என்று பெயர். அவர் கொண்டுவரும் வரைபடம் ஒருமுறைகூட வேறு நிறத்தில் இருந்ததில்லை.

அதற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

பதினொரு வருடத்துக்கு முன்பெல்லாம் ஆணையம் நினைத்த தெருவில் நினைத்த நாளில் சோதிக்கும். என் கட்சிக்காரக் கம்பெனி அபராதமாகக் கட்டிக் கட்டி நொந்துபோயிருந்தது. நான் வழக்குப் போட்டேன். "பரீட்சை எழுதுகிறவனுக்குப் பாடம் எதுவென்று சொல்ல வேண்டாமா? எந்தத் தெருவில் சோதிப்போம் என்று சொல்லாமல் தண்டிப்பது என்ன நியாயம்?" என்று மூன்று மணி நேரம் நடந்தேன். ஜெயித்தேன். அன்றிலிருந்து சோதிக்கப்போகும் தெருக்களின் பட்டியலை ஆணையம் முன்கூட்டியே வெளியிட வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு தெருக்கள். பட்டியல் கையில் இருக்கும்போது கம்பெனிகளுக்கு என்ன கவலை? விருந்தாளி உட்காரும் அறையை மட்டும் பெருக்குகிற வீட்டுக்காரர்கள் மாதிரி, அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் பளிச்சென்று வைத்துக்கொண்டார்கள்.

அன்று பெரிய சாலையில் சாக்கடைக் குழாய் மாற்றத் தோண்டியிருந்தார்கள். வண்டி ஓட்டிய தொழில்நுட்பக்காரர் பச்சை, அதை ஒடித்து, பக்கத்துச் சந்துக்குள் விட்டார். திரையில் பச்சை நிறம் நின்றது. ஆறு கைபேசிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. சிவப்பு, சிவப்பு, தெருமுனை வரைக்கும் சிவப்பு.

"என்னங்க இது?"

"இந்தத் தெரு பட்டியல்ல இல்ல சார். கணக்குல வராது." அவர் சாவகாசமாக விரலால் தட்டி அந்தச் சிவப்பை அழித்தார்.

"ஏன் சிவப்பு? அம்பது அடி தள்ளி எல்லாம் பச்சையா இருந்துச்சே?"

அவர் ஜன்னல் வழியாகக் காட்டினார். தெருமுனைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் கம்பம். "ஆன்டெனா முகம் மெயின் ரோட்டுப் பக்கம் சார். இவங்களுக்கு முதுகு."

நான் தெருவைப் பார்த்தேன். பச்சைக்கு அது ஒரு சந்து. எனக்கு அந்த மூன்றாவது வீட்டின் நீலக் கதவு நன்றாகத் தெரியும். அது என் தங்கை வீடு.

அங்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவள் வீட்டில் என் போன் அடிக்காது. பழைய கட்டடம், கனத்த சுவர் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், யாரும் கூப்பிடாத அந்த ஒரு மணி நேரம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

என் தங்கை அரசு மருத்துவமனையில் மருந்தாளராக இருந்தவள். பதினெட்டு வருடம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படிப்பாள், ஒரு மாத்திரை மாறியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவள் கணவர், என் மாப்பிள்ளை, படுக்கையறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இவள் பக்கத்தில் கிடந்த அவருடைய போனை எடுத்து அவசர எண்ணுக்கு அழைத்தாள். போகவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தாள். கடைசியில் அவரைத் தனியாக விட்டுவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு செருப்புகூட இல்லாமல் தெருமுனைக்கு ஓடினாள். அங்கே முதல் தடவையிலேயே போயிற்று. அவள் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு அவள் மருந்து ஜன்னலுக்குப் போகவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு பதிவு மேசைக்கு மாறிவிட்டாள். பெயர், வயது, எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதுகிற வேலை.

அன்று கதவைத் திறந்தவள், "என்ன அதிசயமா வேலை நேரத்துல?" என்றாள். டீ போடப் போனாள். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே, வக்கீல் புத்தி போகுமா, சுற்றி வளைத்து அந்த மத்தியானத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "என்ன இருக்கு சொல்ல? கை நடுங்கிச்சு. நம்பரைத் தப்புத் தப்பாப் போட்டேன். முனைக்குப் போய் கொஞ்சம் நிதானமாப் போட்டேன், உடனே எடுத்தாங்க. அப்போ வீட்ல நான் தப்பாத்தானே போட்டிருக்கணும்?"

"சிக்னல் இல்லாம இருந்திருக்கலாமே?"

"அதே ரூம்லேர்ந்து டெய்லி அவர் ஆபீசுக்குப் பேசுவாருண்ணா. நான் உங்கிட்டப் பேசலையா? மூணே மூணு நம்பர். அதைக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதவ எப்படி ஜன்னல்ல நின்னு மாத்திரை குடுக்கிறது? ஒருத்தரை அனுப்பினது போதும்." சொல்லிவிட்டு டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல ஃபேன் ஓடலை, அதனாலதான் வேர்க்குதுன்னு நினைச்சேன். அதுல வேற நேரம் போச்சு."

ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் வைஃபை தரும் இணையப் பெட்டி இல்லை. அந்த வீட்டில் அவர்கள் பேசியதெல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போயிருக்கிறது. கோபுரத்திலிருந்து அந்த அறைக்கு எதுவும் வந்ததே கிடையாது.

"மாப்பிள்ளை போன் எங்கே?"

"டிராயர்ல. நான் அதைத் தொடுறதில்ல."

அவள் துணி எடுக்க மாடிக்குப் போனதும் அதைச் சார்ஜில் போட்டேன். உயிர் வர ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அந்தக் கூடத்தை நூறு தடவை அளந்திருப்பேன். அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். அந்தத் தேதி. மத்தியானம் இரண்டு பத்திலிருந்து இரண்டு பதினான்குக்குள் ஏழு அழைப்புகள். ஏழிலும் அதே மூன்று எண்கள், சரியான எண்கள். ஒன்றுகூடத் தப்பில்லை.

மாடிப்படியில் அவள் காலடி கேட்டது. போனை அணைத்து டிராயரில் போட்டு மூடினேன். "வர்றேம்மா, ஒரு வேலை இருக்கு" என்று டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். உன் மேல் தப்பில்லை என்று சொன்னால், பிறகு யார் மேல் என்று அவள் கேட்பாளே.

மறுநாளே பட்டியலை ஒழிக்கும் புதிய விதியை எழுத ஆரம்பித்தேன். எந்தத் தெருவிலும், எந்த நேரத்திலும், சொல்லாமல் சோதிக்கலாம். நானே உட்கார்ந்து எழுதினேன். நடந்துகொண்டே எழுதினேன் என்பதுதான் சரி. இதை நிறைவேற்றிவிட்டால் போதும், அவள் தெருவுக்கும் முகம் திரும்பிவிடும், மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சட்ட அலுவலர் வரைவைப் படித்தார். கூர்மையான பெண்மணி. "நல்லா இருக்கு சார். ஆனா இந்தப் பட்டியலை வாங்கிக் குடுத்ததே நீங்கதான்னு கம்பெனிக்காரங்க கிளப்பலாம்."

"நானே முதல்ல சொல்லிட்டா?"

"எதுக்கு சார்? பழைய வழக்கு, யாருக்கும் ஞாபகமில்ல. தவளை தன் வாயால கெடும்பாங்க." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னீங்கன்னா இந்த விஷயத்துல நீங்க தீர்ப்புச் சொல்ல உட்கார முடியாது. எழுந்து போயிடணும். அப்புறம் மத்த ரெண்டு உறுப்பினரும் என்ன முடிவெடுப்பாங்கன்னு சொல்ல முடியாது."

எனக்கு அது வசதியாக இருந்தது. பொது நன்மைக்காக வாயை மூடிக்கொள்வது என்று அதற்குப் பெயர் வைத்தேன். ஆனால் இரவும் இல்லை பகலும் இல்லை, இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதுகூட எழுந்து நடந்தேன். மூன்றாவது வாரம் என் மனைவி தட்டைக் கையில் கொடுத்து, "இந்தாங்க, நடந்துக்கிட்டே சாப்பிடுங்க. ஆனா என்னன்னு சொல்லிட்டு நடங்க" என்றாள். சொன்னேன்.

"தெருவுக்கு சிக்னல் குடுத்துட்டா அவ கை நடுக்கம் நின்னுடுமா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். பேச ஆரம்பிக்கும்போதே கால் நடக்கத் தொடங்கியது.

"உக்காரு" என்றாள். "எதுவா இருந்தாலும் உக்காந்து சொல்லு. உன் கேஸ் கட்டு மாதிரி சொல்லாதே."

உட்கார்ந்தேன். டிராயரிலிருந்து மாப்பிள்ளையின் போனை எடுத்து, திறந்து, அவளிடம் நீட்டினேன். அவள் வாங்க மறுத்தாள். நான் மேசையில் வைத்தேன். பிறகு அவள் குனிந்து, சீட்டில் மருந்தின் பெயரைப் படிப்பது போல, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மேலிருந்து கீழ். மறுபடி கீழிருந்து மேல்.

"ஏழும் சரி" என்றாள்.

"ஏழும் சரி."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் மீதியையும் சொன்னேன். கரண்ட், பெட்டி, கம்பத்தின் முதுகு, பட்டியல், என் வழக்கு, மூன்று மணி நேர வாதம். வக்கீலாக நான் பேசியதிலேயே மோசமான பேச்சு அதுதான், பாதி வாக்கியம் முடியவே இல்லை.

"அந்தக் கேஸ் ஜெயிச்ச அன்னிக்கு நம்ம எல்லாரையும் கூட்டிட்டுப் போய் சாப்பாடு வாங்கிக் குடுத்தே. அவரும் வந்திருந்தாரு" என்றாள்.

"ஆமா."

"அது உன் தொழில். நீ அப்ப என்னத்தைக் கண்டே." அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு கேட்டாள். "இந்தப் போனை எப்பப் பார்த்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். "அன்னிக்கு வந்தேனே, டீ குடிக்காமப் போனேனே, அப்போ."

"நாலு வாரம்."

"ஆமா."

"நாலு வாரமா, நான் தப்பாப் போடலைன்னு தெரிஞ்சுக்கிட்டே, நீ பேசாம இருந்திருக்கே." அவள் எழுந்து கதவைத் திறந்தாள். "கிளம்பு அண்ணா."

அதன் பிறகு நான் போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. கரண்ட் இருக்கும்வரை அந்தப் பெட்டி வழியாக அவள் போன் அடிக்கும் என்று தெரிந்த பிறகு, சிக்னல் இல்லை என்று என்னை ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

புதிய விதிமீதான பொது விசாரணை பத்து நாள் கழித்து வந்தது. கூடம் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. முன்வரிசையில் கம்பெனி வக்கீல்கள். நடுவில் நான், இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். முதலில் பேசிய வக்கீல், "பரீட்சை எழுதுகிறவனுக்குப் பாடம் எதுவென்று சொல்ல வேண்டாமா?" என்றார். என் வாக்கியம். யாரிடமிருந்து எடுத்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பேசாமல் உட்கார்ந்திரு, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிற்பகல் பொதுமக்கள் முறை. ஆளுக்கு மூன்று நிமிடம். பேச விரும்புகிறவர்கள் வாசலில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். செயலாளர் ஒவ்வொரு படிவமாக உரக்கப் படித்து ஆளைக் கூப்பிடுவார். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர், என் குடும்பத்தில் யாரையும் தெரியாது.

"முப்பத்தொண்ணாவது படிவம்" என்றார். "தொழில், மருந்தாளர்."

தலை நிமிர்ந்தேன். அவள்தான். மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து நேரே வந்தவளாக ஒலிவாங்கி முன் நின்றாள். பதிவு மேசைக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு கிடையாது.

செயலாளர் படிவத்தைத் திருப்பினார். "அம்மா, ஆணைய உறுப்பினர் யாருக்காவது உறவாங்கிற இடத்துல ஆம்னு போட்டிருக்கீங்க. யாரு, என்ன உறவுன்னு எழுதலையே. அது இல்லாமப் பேச விட முடியாது."

"அதை அவரே சொல்லட்டும்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்தாள்.

கூடம் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. சட்ட அலுவலர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் விதி என் கையெழுத்தோடு நிறைவேறும். ஆனால் அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

எழுந்தேன். எட்டு மாதத்தில் அந்த மேடையில் நான் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. நடக்கவில்லை, ஒரே இடத்தில் நின்றேன்.

"என் தங்கை" என்றேன். "காலையில வக்கீல் சொன்ன பரீட்சை வாதம் என்னுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பட்டியலைக் கம்பெனிகளுக்கு வாங்கிக் குடுத்த வக்கீல் நான்தான். இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். இந்த விசாரணையில நான் இனி உட்கார முடியாது."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஒரு வக்கீல் எழுந்து ஏதோ கத்தினார். நான் மேடையிலிருந்து இறங்கி, நடுப்பாதையில் அவளைத் தாண்டிப் போய், பொதுமக்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உறுப்பினர்களில் மூத்தவர் என் நாற்காலிக்கு நகர்ந்து, மேசையைத் தட்டி அமைதிப்படுத்தி, "சொல்லுங்கம்மா, மூணு நிமிஷம்" என்றார்.

அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"எங்க தெரு பட்டியல்ல இல்லை. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்போ ஏழு தடவை போன் போட்டேன். ஏழு தடவையும் நான் சரியாத்தான் போட்டேன். அது எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியாது. இதைத்தான் சொல்ல வந்தேன்."

ஒலிவாங்கியை விட்டுத் திரும்பி, நடுப்பாதையில் நடந்து வந்தாள். கூடத்தில் காலியாக இருந்ததெல்லாம் கடைசி வரிசை மட்டும்தான். என் வரிசைக்கு வந்து நின்றாள். எனக்குப் பக்கத்து நாற்காலியைத் தாண்டி, அதற்கு அடுத்ததில் உட்கார்ந்தாள். நடு நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக் கோட்டையும் மடித்து அதன் மேல் வைத்தாள்.

மேடையில் அடுத்த படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். என் கால்கள் எழுந்திரு எழுந்திரு என்றன. நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே, விசாரணை முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.